பதினெட்டாம் பிளாக்கில் நின்ற கப்பல்

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களே. காலை நீட்டிக்கொள்ளுங்கள், இடம் இருக்கிறது. கையில் இருக்கிற போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். கடல் இல்லாத ஊரில் மூன்று நாள் ஓடிய ஒரு கப்பலைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன். ஓடியது நம் நெய்வேலியில்தான். பதினெட்டாம் பிளாக்கில், தரைத்தளத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றில். ஏறியவர்கள் நாலு பேர். இறங்கியவர்களும் நாலு பேர். யாருக்கும் வாந்தி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் பயப்படாமல் கேட்பீர்கள்.

அந்த வீட்டுக்காரர் பெயர் சக்கரபாணி. மைன்சில் பெல்ட் பராமரிப்பு ஃபோர்மேன். பெல்ட் என்றால் வெட்டின மண்ணையும் கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துகொண்டு ஓடுகிற ரப்பர்ப் பாதை. அது ஓடினால் சக்கரபாணி வீட்டில் இருப்பார். அது நின்றால் போன் வரும். போன் வந்தால் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார், கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். அந்த வருஷக் கடைசியில் ரிட்டையர்மென்ட்.

அவர் மனைவி மலர்கொடி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது: இந்த மனிதர் சாம்பார் சாதத்தைத் தாண்டுவதில்லை. ரசத்துக்கு வருவதற்குள் போன் வந்துவிடும். அந்தக் காலத்தில் போன் இல்லை, சைக்கிளில் ஆள் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் எழுந்து போன பிறகு அந்தத் தட்டை மூடி வைக்க வேண்டுமே என்று, அந்தத் தட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி மெயின் பஜாரில் தேடி ஒரு எவர்சில்வர் மூடி வாங்கினாள். இருபத்தொன்பது வருஷமாக அந்த மூடி சமையலறை அலமாரியில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. மூடியின் நடுவில் பிடி தேய்ந்து பளபளவென்று இருக்கும்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் இசைப்பிரியா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். இளையவன் சிலம்பரசன் அனல் மின்நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை, அவனுக்கும் ஷிஃப்ட். அப்பா முதல் ஷிஃப்ட் என்றால் மகன் ரெண்டாம் ஷிஃப்ட். மகன் நைட் முடித்து வந்து தூங்கும்போது அப்பா கிளம்பிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்த இருவரும் பெரும்பாலும் வாசல்படியில்தான் சந்தித்துக்கொண்டார்கள்.

அந்த வருஷப் பொங்கலுக்கு வந்த இசைப்பிரியா அம்மாவைக் கேட்டாள்.

"யம்மா, அப்பா ரிட்டையர் ஆவப் போறாரு. அதுக்கு உனக்கு என்ன வேணும், சொல்லு."

"அவரு ரிட்டையர் ஆவறதுக்கு எனக்கு எதுக்குடி?"

"சும்மா சொல்லேன்."

மலர்கொடி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே சொன்னாள். "நாலு பேரும் ஒண்ணா உக்காந்து மூணு நாளு சாப்புடணும். நடுவுல யாரும் எழுந்து போவக் கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்னு நீ சொல்ற. மூணு நாளுன்னா ஒம்போது வேளை. இந்த வூட்டுல இதுவரைக்கும் ஒரு வேளைகூட நடக்கல."

இசைப்பிரியா ஒரு வாரம் யோசித்தாள். எங்கே போனாலும் அப்பாவுக்குப் போன் வரும். மலைக்குப் போனால் அங்கே டவர் இருக்கிறது. கோயிலுக்குப் போனால் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே டவர் இருக்கிறது. கடைசியில், கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கடலில் மட்டும் டவர் இல்லை என்று கண்டுபிடித்தாள். சென்னையில் ஏறி, மூன்று நாள் கடலில் சுற்றி, சென்னையிலேயே இறக்கிவிடுகிற உல்லாசக் கப்பலில் நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். ஆகஸ்ட் மாதத்துக்கு.

சக்கரபாணி டிக்கெட்டை முன்னும் பின்னும் இரண்டு முறை படித்தார். மறுநாள் நீள நோட்டு ஒன்று வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: *பணி: கப்பல் பயணம். பணியாளர்கள்: நால்வர். பணியிடம்: கடல்.*

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மைன்சில் ஒரு போல்ட்டைக் கழற்றுவதென்றால்கூட யார் கழற்றுகிறார், யார் பக்கத்தில் நிற்கிறார், கழற்றும்போது என்னென்ன விழக்கூடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்பானரை எடுப்பார்கள். அதனால்தான் அத்தனை பேர் மாலையில் வீடு திரும்புகிறார்கள். அவருக்குத் தெரிந்த அன்பு அந்த வடிவத்தில் இருந்தது. நோட்டில் பிப்ரவரிக்குள் அறுபது குறிப்புகள் சேர்ந்தன. மே மாதத்தில் நூற்றுப் பதினாறு.

கப்பல் ஆடினால் தலைசுற்றும் என்று யாரோ சொன்னார்கள். உடனே அவர் குடும்பத்தைக் குழந்தைகள் பூங்காவுக்கு அழைத்துப்போய், ஒவ்வொருவரையும் இருபது நிமிஷம் ஊஞ்சலில் உட்கார வைத்துக் கையில் கடிகாரத்தோடு நின்றார். சிலம்பரசன் எட்டாவது நிமிஷத்தில் இறங்கிவிட்டான். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே 'எலுமிச்சை' என்று எழுதப்பட்டது. மலர்கொடி இருபது நிமிஷம் முடிந்தும் இறங்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு குழந்தை அழுத பிறகு இறங்கினாள். அவள் பெயருக்கு எதிரே 'தகுதி' என்று எழுதினார்.

பெட்டிகளுக்குச் சிவப்பு அட்டை கட்டினார். மைன்சில் மெஷினைத் திறந்து ஆள் உள்ளே வேலை செய்யும்போது ஸ்விட்சில் அந்த அட்டையைத்தான் மாட்டுவார்கள். 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதீர்' என்று எழுதியிருக்கும். கட்டினவர் வந்து அவிழ்த்தால்தான் உண்டு. மே மாதத்தில் கட்டிய அட்டையால், பெட்டிக்குள் போன தன் நல்ல ஜாக்கெட் இரண்டையும் மலர்கொடி ஜூலை வரை பார்க்கவில்லை.

ஜூன் கடைசியில், இசைப்பிரியா வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எல்லாம் ரெடி. டிரையல்தான் பாக்கி."

"என்ன டிரையல்?" என்றான் சிலம்பரசன்.

"ஏன்டா, நீயும் பிளான்ட்லதான வேலை பாக்குற? பிரிச்சு மாட்டி ஓவரால் முடிச்ச மெஷின்ல நேரா லோடு ஏத்துவியா? மொதல்ல லோடு இல்லாம ஓட்டிப் பாக்கணும். எங்க சத்தம் வருது, எங்க சூடாவுதுன்னு தெரியும். அப்பறம்தான் லோடு."

"கப்பல எப்படிப்பா லோடு இல்லாம ஓட்டறது?"

"கப்பல் இல்லாம ஓட்டுவோம்."

திட்டம் இதுதான். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியோடு கிளம்புவது. சென்னை பஸ் நிற்கிற ஆர்ச் கேட் வரை போய்த் திரும்பி, வீட்டுக்குள் வந்து, மூன்று நாள் கப்பலில் இருப்பதுபோல இருப்பது. கப்பலில் கிடைக்காதது எதுவும் கிடைக்கக் கூடாது. அதற்காக மூன்று நாள் லீவும் எழுதிக் கொடுத்திருந்தார். லீவு அவருக்கு மலை மாதிரிக் குவிந்து கிடந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். மலர்கொடி சிரிக்கவில்லை. அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கப்பல்ல போன் எடுக்காதில்ல?"

"எடுக்காது."

"அப்ப டிரையல்லயும் கெடையாது."

"கெடையாது," என்றார் சக்கரபாணி.

"நாம வூட்டுல இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மைன்ஸ்லேருந்து ஆளு வந்துடும். நெசமாவே கெளம்பிட்டோம்னு எல்லாரும் நெனைக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்ல வேணாம். பொட்டியத் தூக்கிக்கினு கெளம்புவோம். யாரும் எங்கன்னு கேக்கப் போறதில்ல. ஆறு மாசமா இந்தப் பிளாக்குக்கே தெரியும்."

"சரி."

"இன்னொண்ணு. கப்பல்ல நான் சமைப்பனா?"

"மாட்ட."

"அப்ப டிரையல்லயும் மாட்டேன்."

சக்கரபாணி நோட்டைத் திறந்து நூற்றுப் பதினேழாவது குறிப்பாக 'சமையல்: நான்' என்று எழுதினார்.

ஆக, உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். அவருக்கு அது ஒத்திகை. மலர்கொடிக்கு அதுவே கப்பல். ஒன்பது வேளை கடலில் கிடைத்தால் என்ன, கூடத்தில் கிடைத்தால் என்ன.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோ வந்தது. நாலு பெட்டி, நாலு பேர். பக்கத்து வீட்டுப் பிரபாவதி கையில் ஒரு பையோடு ஓடிவந்தாள். நல்லவள், வாய் மட்டும் ஓயாது.

"மலரு, இந்தா எலுமிச்சம்பழம். சிலம்புக்குக் குடு. செடிக்குத் தண்ணி நான் ஊத்தறேன், நீ கவலப்படாம போ. வரும்போது எனக்கு ஒரு சங்கு வாங்கிக்கினு வா, ஊதுற சங்கு இல்ல, சும்மா வெக்கிற சங்கு."

"சரிக்கா," என்றாள் மலர்கொடி. சொல்லும்போது பெட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

ஆர்ச் கேட்டில் இறங்கினார்கள். சென்னை பஸ் வந்தது, நின்றது, போனது. பஸ் வந்து நின்று போக எத்தனை நிமிஷம் ஆகிறது, அதற்குள் நாலு பெட்டியை ஏற்ற முடியுமா என்று சக்கரபாணி குறித்துக்கொண்டார். இவர்களுக்காகக் காத்திருந்த கண்டக்டர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார், அதைக் குறிக்கவில்லை. பிறகு பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஒரு ஆட்டோ. நம் பிளாக் ஆட்களைத் தெரியாத ஆட்டோவாக இருக்க வேண்டும் என்று அவர் முதல் நாளே போய்ப் பேசி வைத்திருந்தார். எட்டரை மணிக்கு, ஜெனரல் ஷிஃப்ட்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய்த் தெரு ஓய்ந்த நேரத்தில், பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஒரு மாடு பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

இசைப்பிரியா நாலு போனையும் அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். முன்கதவில் பூட்டு வெளியே தொங்கியது. கூடத்தில் பாய் விரித்தார்கள். கப்பல் கிளம்பியது.

முதல் வேளை, ரவை உப்புமா. சக்கரபாணி கிண்டியது. அளவெல்லாம் நோட்டில் இருந்தது, அதனால் வேகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சிலம்பரசன் அப்பாவைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டான். பாவம், பழக்கமில்லை.

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்பா."

மலர்கொடி மெதுவாகச் சாப்பிட்டாள். அலமாரியில் இருந்த மூடியை மட்டும் எடுத்து வந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

மதியம், இரவு, இரண்டு வேளையும் யாரும் எழுந்து போகவில்லை. மதியம் சாம்பார் முடிந்ததும் சக்கரபாணி பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரம்முக்குள் இருந்த போன் பேசவில்லை. அன்றைக்கு அவர் ரசம் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் சாப்பாட்டில் ரசம் என்று ஒன்று இருந்ததே இல்லை அல்லவா? மலர்கொடிதான், "நாளைக்கு ரசம் வெய்யிங்க" என்று சொன்னாள்.

சாயங்காலம் பிரபாவதி செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரபாவதிக்குச் செடியோடு பேசுகிற வழக்கம்.

"பாரு உங்க வூட்டு ஆளுங்கள. ஆறு மாசமா நோட்டு எழுதினாரு நோட்டு. ஃபேன் ஓடிக்கினே இருக்குது, ஆஃப் பண்ணாம போயிட்டாரு. இவுரு மைன்ஸ எப்படித்தான் காப்பாத்தறாரோ." கறிவேப்பிலைக்கு இன்னொரு குவளை ஊற்றினாள். "மலரு பாவம். அவளாச்சும் அங்க ஒரு வேளை நிம்மதியா சாப்புடட்டும்."

அவள் போன பிறகு சக்கரபாணி எழுந்து ஃபேனை அணைத்துவிட்டு வந்து, நோட்டில் 'குறைபாடு ஒன்று' என்று எழுதினார். ஜூலை மாதப் புழுக்கத்தில் நாலு பேரும் அட்டையால் விசிறிக்கொண்டார்கள். சிவப்பு அட்டை. 'இயக்காதீர்' என்று எழுதியது.

இரண்டாம் நாள் காலை இட்லி. நான்காவது வேளை, குறையில்லாமல் முடிந்தது. அப்பாவும் மகனும் இப்போது நன்றாகவே பேசத் தொடங்கியிருந்தார்கள். மகன் வேலை செய்கிற இடத்தில் இரண்டாம் பம்ப் ஏன் சத்தம் போடுகிறது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். இசைப்பிரியா தனக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று நடுவில் சொன்னாள். சக்கரபாணி, "ஷிஃப்ட் உண்டா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் பம்ப்புக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கதையை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளுங்கள், நல்லபடியாகத்தான் முடிந்தது.

ஐந்தாவது வேளை. மதியம் ஒரு மணி. சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, முதல்முறையாக ரசம், மோர். சக்கரபாணி சாம்பார் சாதத்தைப் பிசைந்து பாதி சாப்பிட்டிருப்பார். வெளியே ஒரு பைக் வந்து நின்றது.

"அண்ணே! சக்கரபாணி அண்ணே!"

ஜெயகணேஷின் குரல். இருபது வருஷமாகச் சக்கரபாணியின் கையின் கீழ் வேலை பார்ப்பவன், நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைக்காரன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "யாரது? அவுங்க ஊர்ல இல்லப்பா, கப்பலுக்குப் போயிட்டாங்க."

"தெரியும்க்கா. போன் எடுக்கல. ஒருவேளை போவலியோன்னு ஒரு நப்பாசைல வந்தேன். பெல்ட்டு நின்னு நின்னு போவுதுக்கா. ஸ்டார்ட் பண்ணா அஞ்சு நிமிசம் ஓடுது, நின்னுடுது. காலைலேருந்து ஆறு தடவை."

"யாருக்காச்சும் அடிகிடி பட்டுடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வேலைதான் நிக்குது. மோட்டாரப் பாத்துட்டோம், கேபிளப் பாத்துட்டோம், ஒண்ணுமே தெரியல."

"அவுரு இந்நேரம் நடுக்கடல்ல நோட்டு எழுதிக்கினு இருப்பாரு. இருப்பா, குக்கர் விசில் அடிக்குது." கதவு சாத்திக்கொண்டது.

ஜெயகணேஷ் போகவில்லை. ஜன்னலுக்கு நேர் வெளியே பைக்கில் சாய்ந்து நின்று யாருக்கோ போன் செய்தான். "சார், இல்ல சார். கடல்ல இருக்காரு சார். டவர் கெடைக்காது சார். நானே பாக்கறேன் சார்." போனை வைத்துவிட்டு, "அண்ணே இருந்தா எங்கேருந்து ஆரம்பிப்பாரு…" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

உள்ளே சக்கரபாணியின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. கையில் சோறு. கண் ஜன்னலில். நெற்றியில் வேர்வை. ஃபேன் வேறு இல்லை. அவருக்கு உள்ளே என்ன ஓடியதென்று மூன்று பேருக்கும் தெரிந்தது. மோட்டார் இல்லை, கேபிள் இல்லை, அஞ்சு நிமிஷம் ஓடி நிற்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தார் என்றும் சொல்ல முடியாது.

மலர்கொடியின் கை மூடிமேல் போனது. இருபத்தொன்பது வருஷத்துக் கை, தானாகவே போகும். மூடியைத் தூக்கினாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். பாதி சாதம் மிச்சமிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு மூடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்தாள்.

"தம்பி."

ஜெயகணேஷ் துள்ளிய துள்ளலில் பைக் சாய்ந்தது. தாங்கிப் பிடித்தான்.

"அண்ணி! நீங்க… கடல்ல இல்லியா?"

"கடல்லதான் இருக்கோம். சத்தம் போடாத."

"அண்ணன்?"

"சாப்புட்டுக்கினு இருக்காரு. பேச முடியாது. க்ளீனிங்குக்குப் புது ஆளுங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

"ஆமா, முந்தாநாள்லேருந்து. உங்களுக்கு எப்படி…"

"பெல்ட்ட தாண்டறதுக்கு இரும்புப் படி இருக்கில்ல, பதினாலாம் நம்பர்? அதுக்குக் கீழதான் நெழலு. வேற எங்கயும் நெழலு கெடையாது. பெல்ட்டு ஓரமா கயிறு போவுதில்ல, ஆபத்துன்னா இழுத்து நிறுத்தறதுக்கு? அதுல சோத்துப் பைய மாட்டியிருப்பாங்க. பெல்ட்டு ஓட ஓடப் பை ஆடும். ஆடி ஆடிக் கயித்த இழுத்துடும். நீங்க தேடிக்கினு போற நேரத்துக்கு அவுங்க பைய எடுத்துக்கினு டீ, சோறுன்னு ஒதுங்கியிருப்பாங்க. கயிறு பழையபடி நிக்கும். பெல்ட்டு ஓட ஆரம்பிச்சா பைய திரும்ப மாட்டுவாங்க. அப்பறம் உனக்கு என்னா தெரியும்?"

ஜெயகணேஷ் ஜன்னலுக்கு இன்னும் கிட்ட வந்தான். "அண்ணி, இது உங்களுக்கு யாரு சொன்னது?"

"சிலம்புக்குக் காது குத்தின அன்னைக்கு இதேதான் ஆச்சு. எலையப் போட்டு உக்காந்தவரு எழுந்து போனாரு. மூணு மணி நேரம் தேடினாரு. வந்து சொன்னாரு."

"பதினாறு கிலோமீட்டர் பெல்ட்டுல…"

"மோட்டார்ல தண்ணி பூந்தது தலை தீவாளி. பேரிங் உக்காந்தது இசை பொறந்த பதினாறாம் நாளு. கப்பி தேஞ்சது எங்கப்பா வந்திருந்தப்ப, அவருக்கு ஆட்டுக்கறி. வேற எதாச்சும் வேணுமா?"

"வேணாம் அண்ணி."

"பைய எடுக்கச் சொல்லி அந்த ஆளுங்கள யாரும் திட்டக் கூடாது. வெயில்ல சோத்த எங்க வெப்பாங்க? அங்க ஒரு பலகை அடிச்சுக் குடுங்க. அப்பறம், எங்கள நீ பாக்கல."

"பாக்கல அண்ணி. கடல்ல எப்படிப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு ஜெயகணேஷ் பைக்கை ஓசைப்படாமல் முக்குவரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தான்.

மலர்கொடி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரண்டும் அம்மாவையே பார்த்தன. சக்கரபாணியின் கையில் இன்னும் அந்தக் கவளம் இருந்தது.

"தலை தீவாளிக்கு," என்றார் அவர், "தண்ணி பூந்ததுன்னு நான் சொன்னனா?"

"எல்லாத்தையும்தான் சொன்னீங்க. சோறு ஆறினப்பறம் வந்து உக்காந்து, ஒண்ணு விடாம சொல்லுவீங்க."

"நீ பேசாம இருப்பியே. கேக்கறதில்லைன்னு நெனச்சேன்."

"சோத்த முழுங்குங்க."

முழுங்கினார். மிச்ச சாம்பார் சாதத்தையும் சாப்பிட்டார். பிறகு தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு, முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"ரசம் ஊத்து."

மலர்கொடி ஊற்றினாள். பிசைந்து ஒரு வாய் வைத்தார். கொஞ்ச நேரம் மென்றார்.

"உப்பே இல்லையே."

"அது நீங்க வெச்சது," என்றாள் மலர்கொடி.

அவர் தலையாட்டிவிட்டு உப்பில்லாத ரச சாதத்தைச் சாப்பிட்டார். பிறகு மோர் கேட்டார். மோருக்கும் சோறு போட்டுக்கொண்டார். விரலை வழித்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். மலர்கொடி மூடியைத் தூக்கிக்கொண்டுபோய் மேல்தட்டில், அண்டாவுக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

மிச்சம் நாலு வேளையும் ஒழுங்காக நடந்தன. ஞாயிற்றுக்கிழமை இரவோடு ஒன்பது. திங்கட்கிழமை விடிந்ததும் பின்சந்து வழியாக வெளியே போய், முன்வாசல் வழியாகப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பிரபாவதி ஓடிவந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

"கடல் காத்துல கறுத்துப் போவலியே யாரும்?"

"உள்ளயே இருந்துட்டோம்க்கா," என்றாள் மலர்கொடி. அது உண்மைதான்.

"சங்கு?"

"அடுத்த மாசம் போறப்ப வாங்கிக்கினு வரேன்."

"அடுத்த மாசம் மறுபடியுமா!" என்று பிரபாவதி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். சக்கரபாணி குடும்பம் மாதாமாதம் கப்பலில் போகிறதென்று பிளாக்கில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு.

அன்றைக்கு டியூட்டிக்குப் போன சக்கரபாணி, ஷிஃப்ட் அறையில் பதிவேட்டைப் புரட்டினார். சனிக்கிழமைப் பக்கத்தில் ஜெயகணேஷ் கையெழுத்தில் இருந்தது: *பெல்ட் அடிக்கடி நின்ற கோளாறு, கப்பலிலிருந்து கிடைத்த ஆலோசனையின்படி சரிசெய்யப்பட்டது. பதினாலாம் படிக்கட்டின் கீழ் சாப்பாட்டுப் பை வைக்கப் பலகை அடிக்கப்பட்டது.* கீழே இன்ஜினியர் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சக்கரபாணி அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் நிஜக் கப்பலிலும் போனார்கள். ஆறு மாதம் எழுதிய நூற்றுப் பதினேழு குறிப்புகளில் கப்பலில் பயன்பட்டது எலுமிச்சம்பழம் ஒன்றுதான் என்று சிலம்பரசன் சொல்வான். அங்கேயும் ஒன்பது வேளை ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ரசம் மட்டும் இல்லை. எல்லாம் வீட்டில் ஓட்டிப் பார்த்தபடியே இருந்தது, கூடுதலாகக் கடல் இருந்தது என்று சக்கரபாணி சொன்னார். பிரபாவதிக்குச் சங்கு வந்து சேர்ந்தது. சும்மா வைக்கிற சங்கு.

டிசம்பரில் அவர் ரிட்டையர் ஆனார். இப்போதும் எப்போதாவது ஜெயகணேஷ் போன் செய்வான். ஆனால் அவன் கேட்பது, "அண்ணி இருக்காங்களா?" என்றுதான்.

சரி என் கண்ணுகளே, நேரமாகிறது, உங்களுக்கும் வீட்டில் சோறு காத்திருக்கும். போய் உட்காருங்கள். உங்கள் வீட்டு மெஷின் எதுவும் சாப்பாட்டு நேரத்தில் நிற்காமல் ஓடட்டும். உங்கள் வீட்டில் உட்காருகிற அத்தனை பேரும் மோர் வரைக்கும் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும். யார் வீட்டிலும் தட்டை மூடி வைக்க ஒரு மூடி தேவைப்படாமல், உங்கள் வாசல் நிறைந்து, நன்றாக இருங்கள்.